டாஷ்போட்டில் விளக்கு எரிந்தால்: திருகோணமலை வாகனக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டவர் கந்தளாயைத் தாண்டியதும் ஏ6 வீதியில் காட்டுப் பகுதிக்குள் நுழைகிறார். ஹபரணை வரும்வரை பெரும்பாலும் இரண்டு பக்கமும் காடும் பற்றையும்தான். இடையிடையே ஒரு சின்னச் சந்தி வரும், யானை கடக்கும் என்று எச்சரிக்கும் பலகை வரும். அந்த இடத்தில் மீற்றருக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால், "எப்படியாவது ஹபரணைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம்" என்றுதான் அநேகமானோர் மிதிக்கிறார்கள். எஞ்சின் போவது அந்தக் கடைசி இருபது கிலோமீற்றரில்தான். ஒரு ஹோஸ் பைப் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடுகிறது.

என்ன பழுது என்பதைக் கராஜில் பார்த்துக்கொள்வார்கள். விளக்கு எரியும் நேரத்தில் ஓட்டுநர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: இப்போதே நிறுத்துவதா, மெல்ல ஓட்டிப்போய்க் காட்டுவதா, வீட்டுக்குப் போய் நாளைக்குப் பார்ப்பதா. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு முடிவுக்காகத்தான்.

பழுதில்லாத நாளில் செய்ய வேண்டியது

வாகனம் நல்ல நிலையில் இருக்கும் ஒரு காலையில் இதைச் செய்து பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஒன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பொத்தான் உள்ள கார் என்றால், பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு தரம் அழுத்துங்கள். மீற்றரில் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு), எயார்பாக் போன்றவை சில நொடிகளில் தாமாக அணைந்துவிடும். ஒயில், பற்றரி, எஞ்சின் விளக்குகள் ஸ்டார்ட் ஆனபிறகுதான் அணையும். ஹேன்ட் பிரேக் விளக்கு, பிரேக்கை விடுவிக்கும்வரை நிற்கும். இதைக் கைத்தொலைபேசியில் ஒரு சின்ன வீடியோவாக எடுத்து வையுங்கள். உங்கள் காரில் எந்தெந்த விளக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பதிவு கிடையாது.

இந்தச் சோதனையில் எரியாத விளக்கையும் கவனிக்க வேண்டும். பாவித்த கார் வாங்கப்போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். எயார்பாக் பழுதான காரை விற்கும் சிலர் அந்த விளக்கின் பல்பைக் கழற்றிவிடுவார்கள், அல்லது அதன் வயரை வேறொரு விளக்கோடு சேர்த்துவிடுவார்கள். பார்ப்பவருக்கு மீற்றர் துப்புரவாக இருக்கும். சாவியை ஒன் செய்ததும் எயார்பாக் விளக்கு வரவே இல்லை, அல்லது ஒயில் விளக்கோடு சேர்ந்தே வந்து சேர்ந்தே அணைகிறது என்றால், விலை பேசுவதற்கு முன் அதற்கு விளக்கம் கேளுங்கள்.

இன்னொன்று. நம் வீதிகளில் ஓடும் வாகன் ஆர், ஆல்ட்டோ, விட்ஸ் போன்ற சின்னக் கார்கள் பலவற்றில் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிராக இருக்கும்போது ஒரு நீல விளக்கு எரிந்து, சூடேறியதும் அணையும். எல்லை மீறிச் சூடானால் அதே இடத்தில் சிவப்பு எரியும், அல்லது மின்னும். இடையில் வேறு எந்த அறிவிப்பும் இல்லை. முள் உள்ள காரில் அது மேலே ஏறுவதைப் பார்த்து உஷாராகலாம். இந்தக் கார்களில் சிவப்பு வந்துவிட்டது என்றால் பிந்திவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் படித்தல்

வாகனக் குறியீடுகளுக்கு ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதனால் ஜப்பானிய காரிலும் இந்திய காரிலும் ஒயில் கேன் ஒயில் கேனாகவே இருக்கும். சிவப்பு என்றால் ஆபத்து, நிறுத்து. மஞ்சள் என்றால் கவனம், சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல். இந்த விதிக்கு விலக்கும் உண்டு: மின்னி மின்னி எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கைச் சிவப்பாகவே எண்ணுங்கள். மாறாக, சிவப்புப் பற்றரி விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் எப்போது ஓட்டலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஜப்பானிலிருந்து நேரே வந்த கார்களில் திரையில் செய்தி ஜப்பானிய எழுத்தில் வரும். தெரியாத எழுத்து என்று விட்டுவிடாமல் அதைப் படம் பிடித்து, தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் கமராவைக் காட்டுங்கள். கதவு திறந்திருக்கிறது என்பதற்கும் பிரேக் பழுது என்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிய அது போதும். படம் பிடிப்பது வாகனத்தை நிறுத்திய பிறகு.

வெப்ப விளக்கு

நம் ஊரில் அதிகம் ஆட்களை மாட்டிவிடும் விளக்கு இது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், ஏசியை முழுதாகப் போட்டு, ஐந்து பேரும் சாமானும் ஏற்றி, திருவிழாக் கூட்டத்துக்குள் கோணேசர் கோயில் பக்கம் கோட்டைக்குள்ளால் மெல்ல ஏறும்போது எஞ்சினுக்கு இளைப்பாற நேரமில்லை. சிவப்பு எரிந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் ஏசியை நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்கி, ஹீற்றரை முழுச் சூட்டிலும் அதன் ஃபானை முழு வேகத்திலும் போடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வெந்துபோகும்தான், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியால் வெளியேறும். இதைச் செய்துகொண்டே ஓரங்கட்டுங்கள்.

நின்றதும் பொனற்றைப் பாருங்கள். ஆவி கிளம்பினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஆவி இல்லை, ரேடியேற்றர் ஃபான் சுற்றும் சத்தமும் கேட்கிறது என்றால் ஒரு நிமிடம் போல ஓடவிட்டுப் பார்க்கலாம். விளக்கு அணையாவிட்டால் நிறுத்துங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி நேரம். ரேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால் உள்ளே இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து மேலே பாயும். முகமும் கையும் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாரும் "கொஞ்சமாகத்தான் திறந்தேன்" என்றே சொல்வார்கள்.

சூடு தணிந்த பிறகு, தடித்த துணியை மூடிமேல் போட்டு, கால் திருப்பு மட்டும் திருப்பி, மிச்ச அழுத்தத்தைப் போகவிட்டுத் திறவுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் குறைந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை மளமளவென ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். அவசரத்துக்கு எந்த நல்ல தண்ணீரும் பரவாயில்லை. ஆனால் கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்படியே மாதக் கணக்கில் ஓடாதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் ரேடியேற்றருக்குள் படிந்து குழாய்களை அடைக்கும், துருவும் பிடிக்கும். ஊருக்கு வந்ததும் கழுவி எடுத்துவிட்டுச் சரியான கூலன்ற் நிரப்பச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் காருக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீர் தெளிவாக இருக்கும், நிறமும் மணமும் இராது. அதில் பயமில்லை. விரலில் தொட்டால் வழுவழுப்பாக, இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ, லேசான இனிப்பு மணத்தோடு இருந்தால் கூலன்ற் ஒழுகுகிறது. ஒழுக்கு பெரிதென்றால் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

கராஜ்காரருக்கு உதவும் ஒரு குறிப்பையும் மனத்தில் வையுங்கள். டவுனுக்குள் நெரிசலில் மட்டும் சூடாகி, வீதியில் வேகமாக ஓடும்போது தணிகிறதா? அநேகமாக ஃபான், அதன் ஃபியூஸ், ரிலே. மாறாக, ஓடும்போதுதான் சூடாகிறதா? கூலன்ற் குறைவு, தேர்மோஸ்டற், வோட்டர் பம்ப், அடைபட்ட ரேடியேற்றர் என்று தேட வேண்டும். இந்த ஒரு வசனம் அவருக்குப் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒயில் விளக்கு

நீண்ட மூக்குள்ள ஒயில் கேன், நுனியில் ஒரு துளி. சிவப்பில் இது எரிந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். இந்த விளக்கு சொல்வது ஒயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதை. அழுத்தம் இல்லையென்றால் க்ராங்க் ஷாஃப்ட்டுக்கும் பெயாரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய ஒயில் படலம் இல்லை, உலோகத்தில் உலோகம் உரசுகிறது. வெப்ப விளக்குக்கு உங்களிடம் சில நிமிடம் இருக்கலாம். இதற்கு அதுவும் இல்லை.

சமதரையில் ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஒயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி முழுதாக நுழைத்து எடுத்துப் பாருங்கள். கீழ்க் குறிக்கும் கீழே என்றால், அந்த எஞ்சினுக்குரிய ஒயிலைக் கொஞ்சம் ஊற்றி அளந்து, மறுபடி ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்ட விடாதீர்கள். ஊற்றிய பின் ஸ்டார்ட் பண்ணி, சில நொடியில் விளக்கு அணைந்தால் மெல்லக் கராஜுக்குப் போகலாம். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தும் விளக்கு நிற்கிறது என்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். ஒயில் பம்ப்பாக இருக்கலாம், வெறும் சுவிட்சாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அழுத்தமானி பூட்டிப் பார்க்க வேண்டும். "சுவிட்ச்தான் பழுது" என்று பார்க்காமலே சொல்பவரை நம்பி ஓட வேண்டாம்.

வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் விளக்கு ஒரு கணம் மின்னி மறைந்தால், ஒயில் மிகவும் குறைந்துவிட்டது என்று பொருள். அதை அன்றைக்கே பாருங்கள்.

பற்றரி விளக்கு

கூட்டல், கழித்தல் குறியோடு சின்னப் பெட்டி. ஓடும்போது இது எரிந்தால், பற்றரிக்கு மின்சாரம் தயாரிக்கும் ஒல்ட்டனேற்றர் சார்ஜ் கொடுக்கவில்லை, கார் பற்றரியில் மட்டும் ஓடுகிறது. இங்கே எஞ்சினை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஏசி, ரேடியோ, சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். பகலில், நல்ல பற்றரி என்றால், கிட்டடிக் கராஜ் வரை போகும். இரவில் ஹெட்லைற் பற்றரியை உறிஞ்சிவிடும், அந்த நம்பிக்கையில் காட்டு வீதிக்குள் இறங்காதீர்கள்.

ஆனால் வெப்ப விளக்கும் சேர்ந்து வந்தால், அல்லது ஸ்டியரிங் திடீரென இறுகினால், கதை வேறு. பெல்ட் அறுந்திருக்கலாம். பல கார்களில் வோட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. உடனே நிறுத்துங்கள்.

கராஜில் மல்ற்றிமீற்றர் வைத்துப் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். எஞ்சின் நிற்கையில் நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். ஓடுகையில் 13.5க்கும் 14.7க்கும் இடையே வந்தால் பெரும்பாலும் சார்ஜ் சரி. இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால், தேவையில்லாமல் புதுப் பற்றரி வாங்க வேண்டி வராது.

பிரேக் விளக்கு

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. ஹேன்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான். இறங்கியும் எரிந்தால் பெரும்பாலும் பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது. பிரேக் பாட் தேயத் தேய டாங்கியில் மட்டம் இறங்கும், அல்லது எங்கோ ஒழுகும். இரண்டில் எது என்று பார்க்காமல் ஒயிலை மட்டும் நிரப்பி விளக்கை அணைப்பது ஆளைக் கொல்லும் வேலை. மிதித்தால் பெடல் கெட்டியாக நிற்கிறதென்றால் மிக மெல்ல, இடைவெளி விட்டுக் கிட்டடிக் கராஜுக்குப் போகலாம். பெடல் அமுங்கித் தரைக்குப் போகிறதென்றால் பலமுறை வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேன்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். நின்றபின் அந்தக் காரை நகர்த்த வேண்டாம்.

மஞ்சள் ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், திடீர் பிரேக்கில் சில்லு இறுகி வழுக்கலாம். ஏபிஎஸ்ஸும் சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பின்சில்லுகளின் பிரேக் சமநிலையும் போயிருக்கலாம். அப்போது நிறுத்துவதே சரி.

எங்கே நிறுத்துவது

"உடனே நிறுத்து" என்று எழுதுவது சுலபம். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் என்றால்? 2009இல் திறந்த அந்தப் பாலம் 396 மீற்றர். பின்னால் பஸ் வரும் வீதியில் பாலத்தின்மேல் நிற்பதைவிட, ஹசார்ட் விளக்கைப் போட்டு, அக்சிலேற்றரை மிதிக்காமல் உருட்டிக் கரை சேர்வது மேல். எஞ்சின் பெரிதல்ல, உயிர் பெரிது.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே பொழுதுபட்ட பின் என்றால் நிறுத்துங்கள், ஆனால் இறங்கி வீதியோரம் நடக்காதீர்கள். யானை பற்றைக்குள் நிற்பது பத்தடி தூரத்திலும் தெரியாது. கதவை அடைத்து, ஹசார்டைப் போட்டுவிட்டு உள்ளே இருந்து தொலைபேசியில் ஆளைக் கூப்பிடுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. மூதூர் தாண்டி வெருகல், வாகரைப் பக்கமும், குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைப் பக்கமும் நினைத்த இடத்தில் கராஜ் கிடையாது. அந்த வீதிகளில் இறங்குவதற்கு முன், பொனற்றைத் திறந்து ஒயிலையும் கூலன்றையும் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு

இதைக் கண்டு பதறவும் வேண்டாம், மாதக் கணக்கில் விட்டுவைக்கவும் வேண்டாம். அசையாமல் எரிகிறது, கார் வழமைபோல ஓடுகிறது என்றால் பெற்றோல் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் அதுவே காரணமாக இருக்கும், இறுக்கிய பின் சில நாள் ஓட்டத்தில் விளக்கு தானாகப் போகும். போகாவிட்டால் அந்த வாரத்துக்குள் ஸ்கான் பண்ணுங்கள்.

விளக்கு மின்னுகிறது, எஞ்சினும் நடுங்குகிறது என்றால் ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கிருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கன்வேர்ட்டரை எரித்துப் பாழாக்கும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள்.

காரின் கணினியில் பதிவானதை வாசிக்கும் ஸ்கானர் தரும் கோட் பழுதைச் சொல்லாது, பழுது இருக்கும் பக்கத்தைக் காட்டும். பி0301 என்றால் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது, அவ்வளவுதான். பிளக்கா, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலா, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரா? முதலாம் சிலிண்டர் கொயிலை இரண்டாம் சிலிண்டரில் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். கோட் பி0302 ஆக மாறினால் கொயில்தான். மாறாவிட்டால் அடுத்தது பிளக். இப்படி ஐந்து நிமிடத்தில் தெரியக்கூடியதற்கு நாலு கொயிலும் விலைகொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதேபோல் பி0171 என்றால் காற்று கூட, பெற்றோல் குறைவு. எங்காவது வெடித்த ரப்பர் குழாயால் காற்று உறிஞ்சுகிறதா என்று பார்க்காமல் சென்சர் வாங்காதீர்கள். பி0420 கன்வேர்ட்டரைக் காட்டும், ஆனால் புகைக்குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் அதே கோட் வரலாம்.

பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டினால் விளக்கு போய்விடும் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். விளக்கோடு கோட்டும், பழுது வந்த நேரத்து வேகம், வெப்பம் போன்ற பதிவுகளும் அழிந்துபோகும். கோட்டைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அழிப்பது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள் இதைத் திகதிக்கு முதல்நாள் வரை இழுக்காமல் இருப்பது நல்லது.

எயார்பாக் விளக்குக்கு வீட்டில் செய்யும் வேலை எதுவும் இல்லை. சீற்றுக்குக் கீழே உள்ள மஞ்சள் கனெக்டர்களை இழுத்துப் பார்க்காதீர்கள். டயர்க் காற்று விளக்கு எரிந்தால் நாலு சில்லின் காற்றையும் அளந்து பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

ஹைபிரிட் கார்கள்

பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பச்சை "ரெடி" விளக்கு எரிந்தால்தான் கார் ஓடத் தயார். சத்தம் இல்லை என்று நினைத்து அதை அணைக்காமல் பொனற்றுக்குள் கை வைக்காதீர்கள், எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் வோல்ற் வயர்கள். அவற்றைத் தொடும் வேலை பயிற்சி பெற்றவருக்கு மட்டும். பின்சீற்றுப் பக்கத்தில் ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று எடுக்கும் வலை இருக்கும். துணிப்பை, பாய், பிள்ளையின் பொம்மை என்று எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். நிலாவெளி, உப்புவெளி மணலோடு கடற்கரையிலிருந்து ஏறும் குடும்பங்கள் அந்த வலையை அடிக்கடி துப்புரவாக்க வேண்டும். காற்று அடைபட்டால் பற்றரி சூடாகி விளக்கு எரியும், ஆயுளும் குறையும்.

உப்புக் காற்றும் மாரியும்

கடலோரத்தில் நிற்கும் காரில், பழுதே இல்லாமல் விளக்குகள் எரிவதற்கு உப்பு ஒரு பெரிய காரணம். பற்றரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ, எஞ்சினிலிருந்து கார் பொடிக்குப் போகும் ஏர்த் வயர் துருப்பிடித்திருந்தாலோ மின்னோட்டம் தடுமாறும். ஏபிஎஸ், ஸ்டியரிங், எஞ்சின் என்று சம்பந்தமில்லாத மூன்று நாலு விளக்குகள் ஒரேநேரத்தில் எரிந்தால், ஸ்கானருக்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். கழித்தல் முனையை முதலில் கழற்றுங்கள். அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் பழைய பல்துலக்கும் தூரிகை கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, கூட்டல் முனையை முதலில் பூட்டி, கழித்தலைக் கடைசியில் பூட்டுங்கள். மேலே கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள்.

மாரியில் வெள்ளம் நிற்கும் வீதியைக் கடந்தபின் ஏபிஎஸ் விளக்கு எரிவதுண்டு, சில்லுச் சென்சர் நனைந்தால் அப்படி. பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து உலர்த்துங்கள். காய்ந்தும் அணையாவிட்டால் காட்டுங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மட்டும் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தள்ளி வெளியே எடுத்து, பிளக் கழற்றிப் பார்க்கச் செய்யுங்கள்.

கராஜில்

"லைற் ஒன்று எரியுது, பாருங்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எந்த விளக்கு, எந்த நிறம், நின்று எரிந்ததா மின்னியதா, எந்த வேகத்தில், ஏசி போட்டிருந்ததா, அதற்கு முன் யார் என்ன வேலை செய்தார்கள் என்று சொல்லுங்கள். எடுத்த படத்தைக் காட்டுங்கள். கோட்டை எழுதித் தரச் சொல்லுங்கள், மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார்.

வேலை முடிந்து சாவி கைக்கு வந்ததும் காசு கொடுப்பதற்கு முன் ஒன் நிலைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அந்த விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள், எரியவே இல்லையென்றால் கேளுங்கள். பிறகு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஏசி போட்டு நிலாவெளி வீதியில் அரை மணி நேரம் ஓடுங்கள். பழுது முன்பு வந்தது டவுன் நெரிசலில் என்றால் டவுனுக்குள்ளேயே ஓடிப் பாருங்கள். திரும்பி வந்து இன்னொரு தரம் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். கோட் மறுபடி ஏறியிருந்தால் கார் அன்றைக்கும் கராஜிலேயே நிற்கட்டும்.